வேண்டுமென்றே விட்ட பந்து

போத்தனூரில் பஸ் ஏறிய இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பாவாடைக்குக் கீழே தெரிந்த சாக்ஸெல்லாம் சேறு. கால்பந்தில் ஒரு கோலில் தோற்றுவிட்டு வருகிறார்கள். கோல்கீப்பர் பெண்தான் ஆரம்பித்தாள்.

“அந்தப் பந்த நான் வேணும்னேதான் உட்டுப்போட்டேன்.”

“கிறுக்குப் புள்ள. டீச்சரு அந்தத் திட்டுத் திட்டறப்ப கம்முனு நின்னியே. எதுக்கு உட்டே?”

“ஜெயிச்சா அடுத்த ஆட்டம் சேலத்துல. ரெண்டு நாளு தங்கோணும். எங்கப்பா உடமாட்டாரு. நீங்கெல்லாம் என்னைய உட்டுப்போட்டுப் போயிருவீங்க.”

வெளியூர் போய்ப் பந்து விளையாட அப்பன் கையெழுத்துப் போட்டாக வேண்டும். என்ன எழவுச் சட்டமோ.

மற்றவள் சாக்ஸில் இருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

“எங்கப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு புள்ள.”

“எப்ப?”

“முந்தாநேத்து. மூணு நாளு சோறு உங்காமக் கெடந்து வாங்கினேன். இந்த ஒருக்காப் போயிட்டு வா, அப்பறம் பந்தையே தொடக்கூடாதுன்னு சொல்லித்தான் போட்டாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே.”

“சொன்னா நீ அழுவீன்னுதான் சொல்லுல.”