பறவைத் தீனிக்குப் பின்னால் ஒரு ரயில் நிலையம்

ஹலோ... ஹலோ, டுவெய்ன்... மார்லிஸ்தான் பேசுறேன். உன் பொண்டாட்டி... ஆமா, கடையிலதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலைல நான் வேற எங்க இருப்பேன், ஹவாய்லயா?... இல்ல, காபி குடிக்கல. நீ குடி. நல்லா சாஞ்சு உக்காந்து குடி. கதவு திறக்குறதுக்கு முன்னாடியே வந்து, பனியில நின்னு, மூக்கு இருக்கா விழுந்துருச்சான்னு தடவித் தடவிப் பாத்துக்கிட்டிருந்தேன் நான்...

ஆமா, ஆமா, எல்லாம் பாதி விலைதான். கலர் பேப்பர் பாதி விலை. மெழுகுவத்தி பாதி விலை. ஒரு கலைமான் பொம்மை, ஒத்தக் கொம்பு, அது கால் விலை... வாங்கிட்டேன். அடுத்த வருஷம் உங்க அக்காவுக்கு... ஏன், கொம்பு இல்லாத பக்கத்தச் செவுத்தப் பாத்துத் திருப்பி வெச்சா யாருக்குத் தெரியப்போகுது...

அத விடு. விஷயத்தக் கேளு. ஸ்டேஷனக் காணோம்... துலூத் ஊரு நெச ஸ்டேஷன் இல்ல, டுவெய்ன். அதக் காணோம்னா நான் ஏன் உனக்குப் போன் பண்றேன். நம்ம வீட்டு அலமாரி மேல கிறிஸ்துமஸுக்கு அடுக்கி வெக்கிறோமே, அந்தப் பீங்கான் பொம்மை ஊரு. சர்ச் இருக்கு, பேக்கரி இருக்கு, தீயணைப்பு வண்டி இருக்கு, ரயில்வே ஸ்டேஷன் மட்டும் இல்ல. கிர்ஸ்டன் சின்னப் புள்ளையா இருந்தப்பவே கேப்பாளே, 'இந்த ஊருக்கு எல்லாரும் எப்படிம்மா வருவாங்க'ன்னு... அதான். ஒரு வருஷமாவது அது தள்ளுபடி வரைக்கும் மிஞ்சியிருக்கா? அதுக்குள்ள எவனாவது முழு விலையக் குடுத்துத் தூக்கிட்டுப் போயிடுறான். இந்த ஊர்ல அவ்வளவு பெரிய பணக்காரங்க...

தெரியும், கிர்ஸ்டன் நாளைக்கு வர்றா. அதுக்குத்தான் இந்தப் பாடு. எத்தன வருஷம் கழிச்சு வர்றா. வந்த உடனே அலமாரியப் பாத்து அதே கேள்வியக் கேப்பா...

இந்தத் தடவ இருந்துச்சு. கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஜன்னல் பூரா மஞ்ச வெளிச்சம், பிளாட்பாரத்துல பெட்டிய வெச்சுக்கிட்டு நிக்கிற ஒரு ஆளு... வாங்கல. பண்டிகை முடிஞ்சா பாதி விலைக்கு வரப்போறத எந்த மடச்சி முன்னாடியே வாங்குவா? ஒளிச்சு வெச்சேன்... திருட்டு இல்ல. கடைக்குள்ளயே இடம் மாத்தி வெச்சா அது எப்படித் திருட்டாகும்? எல்லாரும் பண்றதுதான். போதகர் பொண்டாட்டியே போன வருஷம் ஒரு தேவதை பொம்மையக் கொண்டுபோய் டயருக்குள்ள வெச்சா...

பறவைத் தீனி மூட்டைக்குப் பின்னாடி. இந்தக் குளிர்ல எந்தப் பைத்தியக்காரன் வந்து பறவைத் தீனி வாங்கப்போறான்னு... ஹலோ? ஏன் இருமுற?... காபி புரையேறிருச்சா. ம்.

எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். ஜாய்ஸ் லிண்ட்க்விஸ்ட். சர்ச் பாட்டுக் குழுவுல என் காதுக்குள்ளயே கத்துவாளே, அவதான். ரெண்டு வரிசை தள்ளி நிக்கிறா. தள்ளுவண்டிய கோட்டப் போட்டு மூடி வெச்சிருக்கா. மடியில கனம் இல்லாதவ எதுக்கு மூடணும்... என் வண்டி மேலயும்தான் கோட்டு இருக்கு. எனக்கு வேர்க்குது, அது வேற... இரு, இரு, இங்கதான் வர்றா.

ஜாய்ஸ், கண்ணு, எப்படி இருக்க... ஆமா, ரொம்ப நல்லாப் போச்சு... நானா? சும்மா பால் வாங்க வந்தேன்... நீயும் பாலுக்குத்தானா. நல்லது, நல்லது... டுவெய்ன்தான் லைன்ல. சொல்லிடறேன்.

டுவெய்ன், ஜாய்ஸ் உன்ன விசாரிச்சா. கோட்டு நழுவுச்சு, பாத்துட்டேன். உள்ள மெழுகுவத்தியும் ஒத்தக் கொம்பு மானும். நான் எடுத்த மாதிரியே இன்னொண்ணு. ஸ்டேஷன் இல்ல. அவளும் அதத்தான் தேடுறா, கண்ணு போற போக்குலயே தெரியுது... அப்ப எவன்தான் எடுத்திருப்பான்...

என்ன?... சொல்லு... திட்ட மாட்டேன். நான் எப்பத் திட்டியிருக்கேன்...

நீயா.

ஆமா. நம்ம வீட்டுல பறவைத் தீனி வாங்குற பைத்தியக்காரன் யாருன்னு நான் மறந்துட்டேன் பாரு... மூட்டைய இழுத்தா பின்னாடி ஸ்டேஷன் நின்னுச்சாக்கும். அதிசயம்தான்... எப்ப?... பண்டிகைக்கு முன்னாடியேவா. அப்ப தள்ளுபடியே போடலயே. என்ன விலைக்கு வாங்கின?... முணுமுணுக்காத, டுவெய்ன். என்ன விலை?

முழு விலை.

கொஞ்சம் இரு, உக்காந்துக்கறேன்... நாய்ச் சாப்பாட்டு மூட்டை மேல. வேற என்ன, எனக்கு இங்க சிம்மாசனமா போட்டிருக்காங்க...

முழு விலை. வள்ளல் பரம்பரைல வாக்கப்பட்டிருக்கேன்னு இத்தன நாளாத் தெரியாமப் போச்சே. ஏன் நிறுத்திட்ட, அப்படியே கடையையும் சேத்து வாங்கியிருக்கலாம்ல...

சரி, கேளு. பில்லு இருக்கா?... நல்லது. அதையும் ஸ்டேஷனையும் எடுத்துக்கிட்டு வா. திருப்பிக் குடுக்குற கவுன்ட்டர்ல குடுத்துப் பணத்த வாங்கு. அவங்க அதக் கொண்டாந்து தள்ளுபடி அலமாரில வெப்பாங்க. நான் அங்கயே நிக்கிறேன், வெச்ச கையோட பாதி விலைக்கு எடுத்துடறேன்... ஜாய்ஸா? அவளுக்கு முழங்கால் வலி. நான் முந்திடுவேன்... எப்பக் கிளம்புற?... டுவெய்ன்?

...வர மாட்டியா.

அவ்வளவு ஆசையா வாங்கினவன் நேத்தே ஏன் குடுக்கல?... ஆமா, நாந்தான் சொன்னேன். நமக்குள்ள பரிசெல்லாம் தள்ளுபடிக்கு அப்புறம்தான்னு. வருஷா வருஷம் அதானே பழக்கம்... அதுக்காக இல்லயா? பின்ன?... நான் விலையக் கேப்பேன்னா.

ம்.

அப்ப எங்கதான் ஒளிச்சு வெச்ச?... கராஜ்லயா? கராஜ்ல எங்க?... உப்பு வாளிக்குப் பின்னாடி. ஏன் டுவெய்ன், பொண்டாட்டிக்கு வாங்கினத எவனாவது பனிக்குப் போடுற உப்புக்குப் பின்னாடி ஒளிப்பானா... ஆமா. ஆமா, நானும் தீனிக்குப் பின்னாடிதான் ஒளிச்சேன். ரொம்பச் சொல்லிக் காட்டாத.

...சரி. வர வேணாம். பில்லக் கிழிச்சுப் போடு... நெசமாத்தான். அது முழுசா இருந்தா நாளைக்கு நானே தூக்கிட்டு ஓடி வந்துடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியாதா. போன்கிட்ட வெச்சுக் கிழி, காதுல விழணும்... இது பில்லு இல்ல. கை தொடைக்கிற பேப்பரு. இத்தன வருஷம் உன்னோட குப்ப கொட்டியிருக்கேன், என்கிட்டயேவா... ம். இதான் பில்லு.

எங்க வெக்கிற?... சர்ச்சுக்கும் பேக்கரிக்கும் நடுவுலயா? ஆராதனை நேரத்துல ரயில் கூவவா? ஓரமா வை... ஒயர மாட்டு... எரியுதா?... எல்லா ஜன்னலுமா... பெட்டியோட நிக்கிறானே, அந்த ஆளு எந்தப் பக்கம் பாக்குறான்?... இல்ல, இல்ல. ஊரப் பாத்துத் திருப்பி வை. கிளம்புறவனா வெக்காத. இப்பதான் எறங்கினவனா இருக்கட்டும்... ஆமா. அப்படி.

இரு, வெச்சிடாத. ஜாய்ஸ்... ஜாய்ஸ், அந்த அலமாரியப் போட்டு உருட்டாத. அது அங்க இல்ல... ஸ்டேஷன்தான். பாலாம், பால். எங்க வீட்டுல இருக்கு... தள்ளுபடியா? சேச்சே. என் வீட்டுக்காரர் வாங்கினார். முழு விலை... ஆமா, ஜாய்ஸ். நல்லாத்தான் கேட்டிருக்க. முழு விலை.

டுவெய்ன், இருக்கியா... என்ன சிரிப்பு அங்க?... தீனி தீந்துருச்சா? சரி, ஒரு மூட்டை தூக்கிட்டு வரேன்... இதுக்கு எவன் தள்ளுபடி போடுறான். தொலையுது, வாங்கிட்டு வரேன். போன வை.