பக்கத்துக்கு ஒரு நெல்லளவு

புதுச் சீத்தைத் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தரம் நனைத்து நிழலில் காயவிட வேண்டும். இதைச் செய்யாத தையல்காரியிடம் கொடுத்தவர்கள், முதல் தோய்ப்பில் சட்டை சுருங்கியதும் அவள் துணியைத் திருடிவிட்டாள் என்பார்கள். என்னைத் திருகோணமலையில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் தைக்கிறேன். நேற்று நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுமுன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பேணாட் தம்பி.

நீங்கள் வாயால் கேட்டீர்கள். வாயால் பதில் சொல்ல எனக்கு வசதிப்படவில்லை. வீட்டுக்குள் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி கிறிஸ்டின் இருந்தாள். "சுகமோ கிறிஸ்டின்?" என்று நீங்கள் கேட்டதும், "ஏதோ இருக்கிறன். கிட்ட வராதேங்கோ, உங்களுக்கும் தொத்திப்போடும்" என்று அவள் சொன்னதும் எனக்குக் கேட்டன. பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"இருபத்திரண்டு வருசமா ஒருத்தருக்குக் கசம் இருக்குமோ அக்கா? ஒண்டில் சுகம் வந்திருக்கோணும், ஒண்டில் ஆள் போயிருக்கோணும்."

கொழும்பிலிருந்து வந்தவர் என்பது அதிலேயே தெரிந்தது. காசநோய் என்றதும் விலகி நின்ற இந்த ஊரில் இத்தனை வருடத்தில் யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. மனைவி இறந்து மூன்று வருடமாகிறது என்றும், ஞாயிறு பூசை முடிய கார் பிடித்துக்கொண்டு வந்து கிறிஸ்டினைக் கூட்டிப்போகப் போவதாகவும் சொன்னீர்கள். எனவே ஞாயிறுக்கு முன் விவரமாக எழுதுகிறேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். டொக்யாட்டில் கிளார்க்காக இருந்த உங்களுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. போகுமுன் பெண் கேட்டு வந்தீர்கள். அவளுக்கு இருபது வயது, எனக்கு முப்பத்தெட்டு. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கையில் எங்கள் அம்மா இறந்துபோனார். கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்றைய சட்டையிலிருந்து அவள் உடுத்தது எல்லாம் என் கையால் தைத்ததுதான்.

அந்த நாளில் நான் தைத்துக் கொடுத்த ஒரு கடற்படை அதிகாரியின் மனைவி, போகும்போது அட்டைப்பெட்டி நிறையக் கடதாசி மாதிரிகள் தந்துவிட்டுப் போனார். கழுத்து, கை, இடுப்பு, பாவாடை என்று ஒவ்வொரு பாகமும் மெல்லிய கடதாசியில் அச்சடித்திருக்கும். துணியின் மேல் வைத்து ஊசி குத்தி வெட்ட வேண்டியதுதான். அதுவரை நான் சோக்கட்டியால் துணியில் நேரே கீறி வெட்டுகிறவள். இனி ஊரில் இல்லாத உடுப்பாகத் தைக்கலாம் என்று நினைத்தேன். மண்ணிறக் கடதாசி ஒன்றைச் சுவரில் ஒட்டி, கிறிஸ்டின் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டிய பன்னிரண்டு உடுப்புகளையும் அதில் வரிசையாகக் கீறினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுத் துணி குத்தினேன். அலுமாரியைத் திறந்து சுவரில் விரித்தது போல இருந்தது.

நிறங்களைத் தெரிந்தெடுக்க மட்டும் இரண்டு கிழமை எடுத்தது.

"பச்சை வேண்டாம் அக்கா. பச்சை போட்டா பேணாட்டின்ர அம்மா என்னைக் கிளியெண்டுவா."

"காகமெண்டாமல் விட்டாக் காணும். குத்து."

கிண்ணியாவிலிருந்து துணிப் பொட்டணத்தோடு வரும் ஸெய்னுதீன் நானா எங்கள் விறாந்தையில் கடையையே விரித்தார்.

"இந்த மயில்நீலத்தப் பாருங்க புள்ள. மெல்லிசான வாயில் துணி. வள்ளத்துல வந்தும் ஒரு சொட்டுத் தண்ணி படல்ல."

"சாயம் போகுமோ நானா?"

"உடுத்தவ போனாலும் சாயம் போகாது."

கிறிஸ்டின் சிரித்துச் சிரித்துத் துணிக்குவியலில் விழுந்தாள். அந்தச் சிரிப்போடுதான் என்னைக் கேட்டாள்: "அக்கா, நான் போனாப்பிறகு ஆருக்குத் தைப்பியள்?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு ஆர் அளவெடுக்கிறது?"

பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் யோசித்துப் பாருங்கள், தன் முதுகைத் தானே அளந்த தையல்காரி உலகத்தில் இல்லை. நாடாவின் மற்ற முனையைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த இன்னொரு கை அவளுடையது. நீங்கள் அதைத்தான் மோதிரம் போட்டுக் கொண்டுபோக வந்திருந்தீர்கள்.

முதலில் தைத்தது மயில்நீலம். அதில் ஒரு பிழை விட்டேன். அறியாமல் விட்ட பிழை. வெள்ளைக்காரரின் மாதிரியில், தையலுக்கு உள்ளே மடிக்க வேண்டிய துணியையும் சேர்த்தே அளந்திருக்கும். அது தெரியாமல், பழக்கத்தில், மாதிரிக்கு வெளியே இன்னும் இரண்டு விரல் விட்டு வெட்டி, அந்த இரண்டு விரலை மட்டும் மடித்துத் தைத்துவிட்டேன். அவர்கள் மடிப்புக்கென்று விட்டது முழுக்கச் சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. போட்டுப் பார்த்த அன்று உங்கள் அம்மாவும் வந்திருந்தார்.

"அக்கா, நான் மெலிஞ்சு போனனோ?" என்றாள் கிறிஸ்டின்.

உங்கள் அம்மா இடுப்பில் தொங்கிய துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "ஞானமலர், இது இவவுக்கு எடுத்த அளவுதானே?"

"ஓம். போன மாதம் எடுத்த அளவு" என்றேன். அது உண்மை.

"அப்ப பிள்ளை உருகுது."

பிழை எங்கே என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரைக்கும் நான் விட்ட ஒரே பிழையை உங்கள் அம்மாவிடமா சொல்வது? அடுத்த ஞாயிறு மாதா கோயில் படிக்கட்டில் வைத்தே அதை ஊருக்குப் பங்கிட்டிருப்பார். நீங்கள் கோபிக்கக்கூடாது. அவர் நல்ல மனுசி, ஒன்றையும் தனக்கென்று ஒளித்து வைக்க மாட்டார். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது பொய் சொல்வதாகாது.

இரண்டாவது, ரோசாப்பூப் போட்ட சீத்தை. அதில் பிழை விடவில்லை. பக்கத்துக்கு ஒரு நெல்லளவு தளர்த்தினேன், அவ்வளவுதான். மூன்றாவதில் இரண்டு நெல்லளவு. புதிது மட்டும் தொளதொளத்தால் யாருக்கும் சந்தேகம் வரும் என்பதால், அவள் வீட்டில் உடுத்தும் பழைய சட்டைகளையும் தோய்த்து எடுக்கும் நாட்களில் ஒவ்வொன்றாகப் பிரித்து, அதே தையலை வெளியே தள்ளி, அதே நிற நூலால் திரும்பத் தைத்தேன். அது லேசான வேலையில்லை. பழைய ஊசித் துளைகள் தெரியாமல் நீராவியில் பிடித்துத் தேய்க்க வேண்டும். நீங்கள் தையல்காரராக இருந்தால் மெச்சியிருப்பீர்கள்.

சனிக்கிழமைகளில் அளவு எடுப்பேன். நாடாவை நான்தான் பிடிப்பேன், எண்ணையும் நான்தான் வாசிப்பேன். "இருபத்தஞ்சரை" என்பேன். அடுத்த சனி, "இருபத்தஞ்சு." அவள் தன் மணிக்கட்டை மற்றக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்ப்பாள்.

உங்கள் அம்மா முதலில் கேட்டது, "இருமல் இருக்கோ?"

"இல்லை."

"இனித்தான் வரும்."

டொக்டரிடம் காட்டவில்லை என்று நினைக்க வேண்டாம். நானே கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். டொக்டர் சிரித்தபடி, "இவவுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்கோ" என்றார். அதை நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"ஒண்டுமில்லையெண்டு சொன்னவரோ?"

"ஓம்."

"அப்ப பெரிசாத்தான் இருக்கும். கலியாணம் முற்றாகின பிள்ளைக்கு ஆர் முகத்துக்கு நேர உண்மை சொல்லுவினம்?"

பாருங்கள், கசம் என்ற சொல்லை நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அதைக் கோயில் படிக்கட்டில் வைத்து உங்கள் அம்மாதான் முதலில் சொன்னார். அதன் பிறகு ஊரே எங்கள்மேல் அன்பாகிவிட்டது. ஸெய்னுதீன் நானாவின் மனைவி மைமூனா ஆட்டுக்கால் சூப் வைத்து அனுப்பினார். ஆனால் பாத்திரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றார். பூசையில் நாங்கள் உட்காரும் வாங்கில் எங்களுக்கு நிறைய இடம் கிடைத்தது. கிறிஸ்டின் இரண்டு கிழமை அதைப் பார்த்தாள். மூன்றாம் கிழமை கோயிலுக்கு வரவில்லை.

அந்த மாதம் நான் ஒரு தையலையும் பிரிக்கவில்லை. சட்டைகள் தாமாகவே தொளதொளத்தன. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சைச் செருமிச் செருமி இருமல் வருகிறதா என்று பார்த்தாள், வந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன் என்பதையும் எழுத வேண்டும். அழுதுகொண்டே முட்டை அவித்தேன், பால் காய்ச்சினேன், பாரைமீனில் சொதி வைத்து ஊட்டினேன். மூன்று மாதத்தில் ஆளைத் தேற்றி எடுத்தேன். சதை பிடித்ததும் சட்டைகள் அளவாகப் போயின. எனவே திரும்பவும் பிரித்தேன்.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. சுகம் வரும்வரை தள்ளிவைப்போம் என்று எழுதியிருந்தீர்கள். கையெழுத்து உங்களுடையது, வசனம் உங்கள் அம்மாவுடையது. கிறிஸ்டின் அதை வாசித்துவிட்டு, "பாவம், அவருக்கும் தொத்தியிருந்தா என்ன செய்யிறது" என்றாள். ஆறு மாதம் கழித்து நீங்கள் கொழும்பில் கலியாணம் செய்தீர்கள். நான் குறை சொல்லவில்லை. ஒரு தரம் வந்து, உங்கள் கையால் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இது எலும்பும் தோலுமான கையல்ல என்று. நான் பக்கத்துக்கு ஒரு நெல்லளவு விட்டேன். நீங்கள் கொழும்பு வரைக்கும் தூரம் விட்டீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யார் விட்ட இடைவெளி பெரிது என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு நேரான பதில் வேண்டும் என்பது தெரியும். அவளுக்குக் கசம் இல்லை. ஒரு நாளும் இருக்கவில்லை. எந்த வருத்தமும் இல்லாத பிள்ளையை வருத்தக்காரி என்று அவளையே நம்பவைத்து, இருபத்திரண்டு வருடம் திரைக்குப் பின்னால் இருத்தியவள் நான். எழுதிப் பார்க்கையில் கொடுமை போலத்தான் தெரிகிறது. ஆனால் வந்து பாருங்கள், அவள் எவ்வளவு நன்றாக இருக்கிறாள் என்று. நல்ல சாப்பாடு, நல்ல உடுப்பு. சதை போட்டால் வீக்கம் என்கிறாள், மெலிந்தால் வருத்தம் கூடிவிட்டது என்கிறாள். இப்போது நான் அவளுடைய சட்டையில் தையல் பிரித்துப் பத்து வருடமாகிறது. தேவைப்படவில்லை. மாலையில் எனக்கு முதுகளவு எடுப்பவள் அவள்தான். என்னைப் பார்த்து, "அக்கா, கலியாணமும் முடிக்காமல் எனக்காக உருகிப் போனியள்" என்பாள். நான் மறுத்துச் சொல்வதில்லை.

நீங்கள் அவளைக் கூட்டிப்போவதை நான் தடுக்கப்போவதில்லை. ஞாயிறு வாருங்கள். நேற்று நீங்கள் போனதும் இனி மறைக்கக்கூடாது என்று முடிவெடுத்து, திரையை விலக்கி உள்ளே போய், இங்கே எழுதியது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பிரித்த தையல், பிழையாக வாசித்த எண், ஒன்றையும் விடவில்லை. முடியும்வரை கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஏன் இப்பிடிப் பொய் சொல்லுறியள்?"

"பொய்யில்லை பிள்ளை. நான்தான் செய்தனான்."

"பேணாட் வந்திட்டாரெண்டு, எனக்கு வழி விடோணுமெண்டு, இவ்வளவு பழியையும் உங்கட தலையில தூக்கிப் போடுறியள். எனக்கு விளங்காதோ? இனியும் உங்களை விட்டிட்டுப் போவனெண்டு நினைக்கிறியளோ? அவரைப் போகச் சொல்லுங்கோ."

இதற்குமேல் ஒரு மனுசியால் என்ன செய்ய ஏலும், தம்பி? உண்மையைச் சொன்னேன், அவள் நம்பவில்லை. நீங்களும் வந்து சொல்லிப் பாருங்கள். நம்பினால் சந்தோசம். என் பக்கத்தில் இனி ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் நிதானமாக, விளங்கும்படி, அவளுடைய கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கையில் காய்ச்சல் அடிக்கிறதா என்று அவளுடைய நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தேன், அது வெறும் பழக்கம்.