பல்லி அலமாரியில் ஒரு சலமாண்டர்

இன்ஸ்பெக்டர் ஐயா, பல்லிக்கும் தவளைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்மீது எனக்குக் கோபம் கிடையாது. சொல்லிக் கொடுத்த பிறகும் மாற்றி வைப்பவர்களிடம்தான் பொறுமை போய்விடுகிறது.

கோலாலம்பூர் அருங்காட்சிசாலையில் நான் குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்து துரைகள் ஓடியதும், 'விலங்கியல் தலைவர்' என்று நானே எழுதி என் கதவில் ஒட்டிக்கொண்டேன். எங்களிடம் ஒரு ஸ்பிரிட் ஜாடி இருந்தது. உள்ளே, கெடாமல் ஊறவைத்த ஒரு சலமாண்டர்: பார்க்கப் பல்லி, இனத்தால் தவளைக்குச் சொந்தம். மலாயாக் காட்டில் அது கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் என் உதவியாளர் ஜெயராஜ், "நாலு காலு, ஒரு வாலு. பல்லிதான் லா சார்," என்றார். நான் விளக்கினேன். உடம்பில் செதில் இல்லை. முட்டைக்கு ஓடில்லை. குஞ்சுக்குச் செவுள் உண்டு. மீன் வழியில் கரையேறிய ஆதிப் பிராணியின் வாரிசுகள் இதுவும் தவளையும். ஆங்கிலத்தில் நியூட் என்கிறார்களே, நீரில் வாழும் அதுகூடச் சலமாண்டரில் ஒரு கிளைதான்.

"அப்போ பங்காளிச் சண்டை வராம பாத்துக்குங்க சார்."

ஜாடியைத் தவளை அலமாரியில் வைத்தேன். மறுநாள் அது பல்லி அலமாரியில் இருந்தது. திரும்ப மாற்றினேன். மறுபடியும் பல்லிகளோடு. "நான் தொடவே இல்ல சார்," என்பார் ஜெயராஜ், சிரித்துக்கொண்டே. மாதக்கணக்கில் இதே கூத்து. அரிசி இல்லாத நாட்களில் கிடைத்த மரவள்ளிக்கிழங்குகூட இறங்கவில்லை எனக்கு.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜப்பானிய அதிகாரி வந்தார். சயாம் காட்டில் போடும் ரயில் பாதை வேலைக்கு ஓர் ஆள் வேண்டும், யாரை விடலாம் என்றார். நிதானமாக யோசித்து, ஜெயராஜ் என்றேன்.

ஜெயராஜின் மனைவி பவுனம்மாள் வந்தார். "மூணு மாசம்னுதானே சொன்னாங்க, எப்ப சார் வருவாரு?" ஜாடியைக் காட்டி அதன் வம்சாவளியை முழுதாக விளக்கினேன். அழுதுகொண்டே கேட்டார். படித்தவர்களுக்கே அவ்வளவு கவனம் இருக்காது.

ஆனால் ஜெயராஜ் போன பிறகும் ஜாடி பல்லி அலமாரியில்தான் இருந்தது. கூட்டித் துடைக்கும் பக்கிரிசாமியைக் கேட்டேன்.

"நாந்தான் சார் எப்பவும் நகத்துறேன். தவள அலமாரிக்கு மேல கூர ஒழுகுது. மழத்தண்ணி ஜாடில எறங்கிடுச்சுன்னா கெட்டுப் போயிடும்ல?"

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கல சார். ஜெயராஜ் அண்ணனத்தானே கேட்டீங்க."

அதிகாரி அடுத்த ஆள் கேட்டு வந்தபோது பக்கிரிசாமியைக் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்தும் இருவரும் திரும்பவில்லை. சயாமில் காலரா என்கிறார்கள். நான் எதையும் மறுக்கவில்லை, ஐயா. ஓர் ஒழுங்குக்காகச் செய்தேன். நீங்களே வந்து பாருங்கள், சலமாண்டர் இன்று தவளைகளோடு, தன் சரியான இடத்தில் இருக்கிறது.

மழை நாளில் மட்டும் நானே எடுத்துப் பல்லி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.