மாதிரி வாக்கியமும் மருமகளும்

ஆரவாரமின்றி அவையை ஆளும் தலைவர் அவர்களே! அந்நிய மொழியை எங்கள் நாவில் அமர்த்திய ஆசிரியை அவர்களே! அறிவில் மூத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னோடு படித்து, என்னோடு கொட்டாவி விட்ட தோழர்களே! இந்தத் தையற்காரியின் தாழ்மையான வணக்கம்.

இந்த வயதில் எனக்கு எதற்கு இன்னொரு மொழி? மகன் கடல் கடந்து போய் மணந்து அழைத்து வந்த மருமகளோடு மனம்விட்டுப் பேசத்தான்! மகன் லாரியோடு போய்விடுவான். வீட்டில் அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். வெறும் சிரிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மயக்கும் மாலை வகுப்பு, மெல்லச் சுழலும் மின்விசிறி. ஆசிரியை "கடை" என்பார். "கடை திறந்திருக்கிறது" என்போம், அவள் மொழியில். "ஜன்னல்" என்பார். "ஜன்னல் திறந்திருக்கிறது" என்போம். அளவு ஒன்று, துணிதான் வேறு! யாரது சிரிப்பது? மீன்கடைக்காரரா? "மீன் திறந்திருக்கிறது" என்று முழங்கியவர் தாங்கள்தானே ஐயா!

சொல்லச் சொல்லக் கண் செருகும். தையல் எந்திரத்தை மிதித்தால் அதே தாளம். உறங்கினால் அதே வாக்கியம். கனவில் கடல் திறந்திருந்தது, வானம் திறந்திருந்தது, நான் மிதந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை மகன் தொலைபேசியில் அழுதான். "அம்மா, அவ ஊருக்கே கிளம்புறாளாம். நம்ம வீட்ல பேச ஒரு ஆள் இல்லைங்கிறா. பாவம், தடுக்காதேம்மா."

தையற்கடையிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பெட்டியோடு நின்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு வார்த்தை உண்டா? வகுப்பில் அதுவரை வரவில்லையே! வாயில் வந்ததைச் சொன்னேன்: "கடை திறந்திருக்கிறது." திகைத்தாள். "ஜன்னல் திறந்திருக்கிறது." அடுத்த சொல் தெரியவில்லை. நெஞ்சில் கைவைத்தேன். "... திறந்திருக்கிறது" என்றேன்.

அந்த இடைவெளியில், அவையோரே, அவள் மெல்ல ஒரு சொல்லை வைத்தாள். மனம் என்பதற்கு அவள் மொழியில் உள்ள சொல். நான் அதைச் சேர்த்து முழு வாக்கியமும் சொன்னேன். இருவரும் அழுதோம்.

பிறகு அவள் பெட்டியைத் தரையில் வைத்தாள், பூட்டை விடுவித்தாள், மூடியைத் தூக்கினாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பெட்டி திறந்திருக்கிறது."

துணிகளை நாங்கள் இருவருமாக அலமாரியில் அடுக்கினோம். இதோ, முன்வரிசையில் அமர்ந்து, "போதும் அத்தை, முடிங்க!" என்று தமிழில் அதட்டுகிறாளே, அவளேதான்!

செவிகொடுத்த அனைவருக்கும் என் நன்றி. எங்கள் வகுப்பு திறந்திருக்கிறது. வாருங்கள், வணக்கம்!