கண்ணுக்குள் போட்ட மனு

கத்தரிக்கோல் பிடித்த கையால் கூட்டத்தையும் கச்சிதமாக நடத்தும் தலைவர் அவர்களே, ஊரின் தோள் அளவையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் மூத்த தையற்கலைஞர்களே, கிழிந்ததைத் தைத்தும் பிரிந்ததைச் சேர்த்தும் குடும்பம் நடத்தும் தாய்மார்களே, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் சகோதரர்களே, வணக்கம்!

சங்க விழாவில் சிரிக்கச் சிரிக்கப் பேசச் சொன்னார்கள். நானோ அதிர்ச்சியில் இருக்கிறேன். நீங்கள் சிரித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் அக்காள் கணவர் உங்களில் ஒருவர். அதோ, நடு வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான். ஒருநாள் அவருடைய கடையில் உட்கார்ந்திருந்தேன். தைத்து முடித்த வெள்ளைச் சட்டையிலிருந்து கறுப்பு நூலைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளினார், எறிந்தார், மறுபடி கிள்ளினார், மறுபடி எறிந்தார். சட்டையில் நூலே இல்லை.

"மாமா, எதை எடுக்கிறீங்க?"

"உனக்குக் கண்ணு தெரியலையா? இவ்ளோ பெரிய நூல் கிடக்கு."

நூல் சட்டையிலா கிடந்தது? இல்லை. மேசையிலா? இல்லை. அவர் கண்ணுக்குள் கிடந்தது! அதுவும் நூல் அல்ல, ரத்தம். வேறு தொழில்காரர் என்றால் கண்ணைச் சந்தேகித்திருப்பார். இவர் துணியைச் சந்தேகித்தார். விளக்கை மாற்றி, பஞ்சு பறக்கிறது என்று விசிறியை நிறுத்தி, கடைசியில் நூல் வாங்கும் கடையையே மாற்றியிருக்கிறார்.

கண் மருத்துவரிடம் இழுத்துப் போனேன். அவர் சொன்னதைக் கேளுங்கள். சர்க்கரை நோய் கண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டது. பிராணவாயு கிடைக்காமல் தவித்த விழித்திரை உயிரணுக்கள், ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, 'எங்களுக்குக் குழாய் வேண்டும்' என்று மனுப் போட்டன. அது எட்டிய உடனே, பக்கத்துக் குழாய்கள் கிளைவிட்டுப் புதுக் குழாய்களை வளர்த்தன. மனுப் போட்டதும் குழாய் போட்டுத் தரும் நிர்வாகம் உலகில் உண்டா? உண்டு, நம் உடம்புக்குள்! ஆடிப்போய்விட்டேன்.

பொறுங்கள், கைதட்டாதீர்கள். வேலையின் தரத்தைக் கேளுங்கள். அவசரத்தில் வளர்ந்த குழாய் அது. எளிதில் உடையும், உடைந்தால் ஒழுகும், ஒழுகினால் உலகமே இருளும். பார்வையைக் காக்கப் போட்ட மனு பார்வையையே பறிக்கிறது!

மனுவே தப்பா என்று முன்வரிசை அண்ணன் கேட்கிறார். தப்பில்லை அண்ணே. கத்தரி பட்ட உங்கள் விரல் ஆறுவதற்கும் இதே மனுதான் உதவுகிறது. இடம் மாறினால்தான் வினை.

வைத்தியம் என்ன? மனுவை வழியிலேயே மடக்கும் மருந்து. அதைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். கண்ணுக்குள் ஊசி! காலமெல்லாம் ஊசியோடு பிழைத்த மாமா, எழுந்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கெஞ்சினேன், பிள்ளைகள் அழுதார்கள், அசையவில்லை. அக்காள் மட்டும் சத்தமில்லாமல் சொன்னாள்:

"இன்னொரு கண்ணும் போனப்புறம் ஊசி போட்டுக்கலாம்னு தோணும். அப்போ ஊசியைக் கண்டு பயமே இருக்காது. ஊசியே தெரியாதுங்க."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டார்.

சொட்டு மருந்தில் கண்ணை மரத்துப்போகச் செய்துதான் போட்டார்கள். ஒன்றோடு முடியவில்லை. ஊசி தொடர்ந்தது, புதுக் குழாய்கள் சுருங்கின, ரத்தம் மெல்ல மெல்லக் கரைந்தது.

போன வாரம் கடைக்குப் போனேன். மறுபடி வெள்ளைச் சட்டை. மறுபடி நூல் கிள்ளுகிறார்! வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. அவர் நிமிராமல் கையை நீட்டினார்.

"பயப்படாத மாப்ளே. வாங்கிப் பாரு."

வாங்கினேன். என் உள்ளங்கையில், கறுப்பாக, ஒரு நூல் இருந்தது.

அந்தச் சட்டையைத்தான் அணிந்து வந்திருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களே, நூல் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். மண்டப வாசலில் உங்கள் கண்ணைப் பரிசோதிக்க வந்த மருத்துவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்; பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. கேட்ட செவிகளுக்கு நன்றி. நாளைக் காலை நூல் கோக்கப்போகும் கண்களுக்கு என் வணக்கம்!