டுவேனின் பிரேக்கில் இருந்த காற்று

காபி நன்றாகத்தான் இருக்கிறது. என் கடையில் நான் போடும் காபியை யாரும் பாதிக்கு மேல் குடித்ததில்லை. டுவேன் அதையும் சொல்லிக் காட்டுவான்.

நீங்கள் சைக்கிள் ஓட்டுகிறவர் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மலைச் சைக்கிளின் பிரேக்குக்குக் கம்பி கிடையாது. கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தினால் குழாயில் இருக்கும் எண்ணெய், சக்கரத்தின் அருகே உள்ள பேடுகளைத் தள்ளும். அவை சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெயில் காற்று புகுந்துவிட்டால் லீவர் ஈரப் பஞ்சை அமுக்கியது போல உள்ளே போகும். அந்தக் காற்றை வெளியேற்றிப் புது எண்ணெய் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. கோடை முழுவதும் மலைக்குப் போகும் கம்பிவட லிஃப்டில் சைக்கிளோடு மேலே போய் மலையிறங்குகிறவர்கள் என்னை நம்பித்தான் இறங்கினார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

டுவேன் கூரை போடுகிறவன். பனி கரைந்ததும் பிரேக்கைச் சரிபார்க்கக் கொடுத்தான். செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் பியர் டப்பாக்களோடு திரும்பி வந்தான். எங்கள் ஊரில் மெக்கானிக்குக் கூலி தவிர பியரும் கொண்டுவருவது வழக்கம்.

"என்னய்யா மெர்வ், பிரேக்குல எண்ணெய் ஊத்தச் சொன்னா பஞ்சை அடைச்சுட்டியா?" என்றான்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடி செய்து கொடுத்தேன். மறுபடியும் வந்தான். சைக்கிளை எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கழுவும்போது தலைகீழாக நிறுத்துவானாம்.

"அதான் விஷயம். லீவர்கிட்ட இருக்கற சின்னத் தொட்டில துளி காத்து எப்பவும் தங்கும். கவுத்தா அது குழாய்க்குள்ள போயிடும். கவுக்காத."

"சரிங்க டாக்டர்," என்றான்.

அடுத்த முறை வந்தபோது, பாலத்தருகே புதிதாகக் கடை வைத்திருக்கும் ஷோனாவிடம் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"சரியா காத்தெடுத்த பிரேக்கைக் கவுத்து வெச்சாலும் ஒண்ணும் ஆகாதாமே? ஷோனா சொல்றா. வயசாகுது மெர்வ், கை கொஞ்சம் போயிடுச்சு. அதுக்கென்ன, எல்லாருக்கும் வர்றதுதான். இந்தா, பியர் குடி."

சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தான். கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் பரிதாபப்பட்டான். ஷோனாவிடம் கொடுத்திருக்கலாம், ஆனாலும் என் மனசு நோகக் கூடாதென்று சைக்கிளை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். நல்ல மனிதன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று வேறு எந்த வேலையையும் தொடவில்லை. குழாயைத் தட்டித் தட்டி, ஒரு குமிழி விடாமல் எடுத்தேன். லீவர் கல் மாதிரி நின்றது. ஆனால் இவன் மறுபடி கவிழ்ப்பான், மறுபடி வருவான், மறுபடி தோளில் கை வைப்பான் என்று தோன்றியது. காபிக்கு வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து இரண்டு பிரேக்குகளின் அடியிலும் ஏற்றினேன்.

இந்த வகை எண்ணெயோடு தண்ணீர் சேராது. அடியில், சூடேறும் இடத்திலேயே போய் உட்காரும். குளிர்ந்திருக்கும்போது எதுவும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் கொதித்து ஆவியாகும். அப்போது லீவர் ஹாண்டில்பார் வரை வந்து தொடும், சக்கரம் நிற்காது. ஆறியதும் லீவர் மறுபடி கெட்டியாகிவிடும். அவன் மெதுவாக இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதை அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் வந்து லீவரை அழுத்திப் பார்த்தான்.

"அடேயப்பா. இது பிரேக்கு. கை திரும்பி வந்துடுச்சுய்யா உனக்கு." கடையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னான். "நாளைக்கு வெர்னாவும் நானும் மேல போறோம். நீயும் வாயேன்."

வேலை இருக்கிறது என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சாயங்காலம் அது ஒன்றுதான். அவன் விட்டுப்போன பியரை நானே குடித்தேன்.

மலை உச்சியில் இறங்குவதற்கு முன் எல்லாரும் லீவரை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். அவனும் பார்த்தானாம். மனைவி வெர்னா பின்னாலேயே வந்திருக்கிறாள். கடைசி இறக்கத்தில் இரண்டு கைகளாலும் லீவரை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே போனான், பாறை வளைவில் திரும்பவே இல்லை என்று அழுதாள். அவளைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. உண்மையாகவே.

ஊரே அங்கே ஓடிவந்தது. நானும் வந்தேன். நீங்கள் சைக்கிளை நிமிர்த்தி லீவர்களை அழுத்திப் பார்த்து, "பிரேக் நல்லா கெட்டியாத்தான் இருக்கு, வேகம்தான் காரணம்," என்றீர்கள். இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அது நான்தான். நீங்கள் இன்னொரு தடவையும் அதையே சொன்னீர்கள்.

பிறகு வெர்னா சைக்கிளை விற்றுத் தரச் சொல்லி ஷோனாவிடம் கொடுத்தாள். ஷோனா எண்ணெயை மாற்றத் திறந்தாள், தண்ணீர் வந்தது, என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். நான் எதையும் மறுக்கவில்லை. தண்ணீரை ஏற்றியவன் நான். டுவேனைக் கொன்றவன் நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. உங்களிடம் ஷோனா விவரமாகச் சொல்லியிருப்பாள். அவள் குழாயைத் திறந்தபோது, தண்ணீரைத் தவிர, காற்று வந்ததா? ஒரு குமிழியாவது?