சம்பந்தியின் டப்பாவில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்

என் பெயரும் வீட்டு விலாசமும் முதல் தாளில் எழுதிக் கொடுத்தபடி. வயது ஐம்பத்து நான்கு. படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாவதில் உட்கார்ந்தேன், அப்புறம் எழுந்திருக்கவில்லை. பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கிடங்கில் ஆறு வருடமாக சீசன் வேலை பார்க்கிறேன். என் மகளின் மாமனார், அதாவது என் சம்பந்தி, அதே கிடங்கில் பெட்டிக்கு மூடி அடிக்கிறவர். டீ கூடக் குடிக்காதவர்.

கடந்த திங்கட்கிழமை சீசனின் முதல் நாள் என்பதால் எங்கள் நாற்பது பேருக்கும் போதைப் பரிசோதனை என்று சொல்லி, சிறுநீர் பிடிக்க ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். சில வலி மாத்திரைகளும் போதை என்றே காட்டும், அதனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டைக் காட்ட வேண்டும் என்றார் நர்ஸ். நான் அதற்கு முந்தைய மூன்று நாளும் முதுகுவலிக்காக, என் மனைவிக்கு ஆபரேஷன் சமயத்தில் கொடுத்த வீரியமான மாத்திரையைப் போட்டிருந்தேன். சீட்டு அவள் பெயரில் இருந்தது. என் பெயரில் இருந்தாலும் காட்ட முடியாது. அது கர்ப்பப்பை ஆபரேஷன்.

அதன் பிறகு டப்பாவோடு மேசைக்கு வந்தேன். நர்ஸ் ஒருவர்தான் என்பதால் எண் அச்சடித்த ஸ்டிக்கரை அவரவரே ஒட்ட வேண்டும். அப்போது சம்பந்தி தன் டப்பாவையும் ஸ்டிக்கரையும் என்னிடம் நீட்டி, "கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன் சம்பந்தி. கோணலா ஒட்டினா அதுக்கும் திட்டுவாங்க, நீங்களே ஒட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நான் அவர் ஸ்டிக்கரையும் என் ஸ்டிக்கரையும் மாற்றி ஒட்டினேன். நேராகத்தான் ஒட்டினேன்.

போன வருடம் நிரந்தர வேலையில் இருக்கும் மெஷின் ஆபரேட்டர் ஒருவர் தேறாதபோது, மறுபடி பரிசோதித்துச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பந்திக்கும் அப்படிச் செய்வார்கள், சுத்தம் என்று வந்துவிடும் என்று நினைத்தேன். சீசன் ஆட்களுக்கு மறு பரிசோதனை கிடையாது, அன்றே வெளியே, மற்ற கிடங்குகளுக்கும் பெயர் போய்விடும் என்பது கிடங்குச் சுவரில் ஒட்டிய அறிவிப்பின் கீழ்ப்பாதியில் இருந்ததாம். நான் மேல்பாதியோடு நிறுத்திக்கொண்டவன்.

அதன் பிறகு புதன்கிழமை காலை சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும், பரிசோதனையில் தேறவில்லை என்று சம்பந்தியை வெளியே போகச் சொன்னார். அவர் என்னைக் காட்டி, "அந்தா நிக்கிறாரே என் சம்பந்தி, அவரைக் கேளுங்க, நான் எப்படிப்பட்டவன்னு" என்றார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் கையுறையை விரல் விரலாகச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதன் பிறகு கேட்டருகே வாட்ச்மேன் சம்பந்தியின் கையைப் பிடித்து இழுக்க, இவர் உதற, வாட்ச்மேன் விழுந்து நெற்றியில் மூன்று தையல். போதையில் தாக்கினார் என்று சம்பந்தியை இங்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று மதியம் என் மகள் போன் செய்து, "அப்பா, மாமா நிஜமாவே அப்படியா? கூடவே வேலை பாக்குறீங்களே" என்றாள். "யாரு உடம்புல என்ன ஓடுதுன்னு யாருக்கும்மா தெரியும்" என்றேன். "அப்போ இனிமே பாப்பாவை மாமாகிட்ட விடக்கூடாதாப்பா?" என்றாள். போனை வைத்துவிட்டு நேரே இங்கே வந்தேன்.

தேறாத டப்பா என்னுடையது. சம்பந்தி போதையில் இல்லை. யாரும் மிரட்டி இதைச் சொல்லவில்லை. எழுதியதை எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னது, நடந்தது. வெளியே பெஞ்சில் இருக்கும் சம்பந்திக்கும் நீங்களே இதைப் படித்துக் காட்டிவிடுங்கள் என்று அதிகாரியைக் கேட்டதற்கு, "அது என் வேலை இல்லைங்க. நீங்களே போய்ப் படிங்க" என்றார். அதற்கும் சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)